ராகு காலத்தில் புறப்பட்ட வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டம் வாங்கினாலும் வாயில்லாப் பூச்சிதான், இவளுக்கு ஆம்புலன்ஸ் வேலை எதற்கு என்று கேட்டீர்களே, திங்கட்கிழமை காலை நடந்ததைக் கேளுங்கள்.

முசரவாக்கத்தில் ரேவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. நாங்கள் போனபோது அவள் மாமியார் வாசலை மறித்து நின்றார். "ராகு காலம் முடியட்டும்மா. ஒம்பது மணிக்கு மேல இட்டுக்கினு போங்க."

குழந்தை அதுவரை காத்திருக்கும் நிலையில் இல்லை. ஆனால் சம்மதமில்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் விதி. அந்தச் சம்மதத்தை நோயாளிதான் தர வேண்டும், மாமியார் அல்ல என்பதும் அதே விதிதான். ரேவதியிடம் குனிந்து கேட்டேன். "தூக்குங்கக்கா" என்றாள்.

மாமியார் நகரவில்லை. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "காலெடுத்து வெச்சாத்தானேம்மா பயணம்? அவங்க கால் தரையிலயே படாது, நாங்க தூக்கினு போறோம்" என்றேன்.

அவர் யோசித்தார். "அது சரி. உங்க டிரைவர் நடந்துக்கினு வராரே?"

"எனக்கு எல்லா நேரமும் ராகு காலந்தாம்மா" என்றார் டிரைவர் ஆதிகேசவன் அண்ணன். மாமியார் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களை வெள்ளிக்கிழமை வேண்டாம், ஞாயிறு மாலை வரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி. மாற்று ஆள் வராமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஞாயிறு மாலை ராகு காலம் என்பார்கள். வேலையை விட வேண்டும் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
வாயில்லாப் பூச்சி