பன்னிரண்டு நிமிடப் பேச்சுக்கு ஒரு திருத்தம்

கே.கே. நகர், திருச்சி
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள சுபஸ்ரீக்கு,

மார்ட்டின் எழுதுவது. இங்கே நானும் லூர்துராணியும் பிள்ளைகளும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எப்போதும் ‘சுபா’ என்றுதான் எழுதுவேன். இன்றைக்கு முழுப் பெயரையும் எழுதியிருப்பதிலிருந்தே உனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும்.

எதற்குத் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். வாட்ஸாப்பில் அனுப்பினால் ஒரு இதயப் படத்தைப் போட்டு, “அப்புறம் பேசறேண்ணா” என்று போய்விடுவாய். போன முறை அப்படித்தான் செய்தாய். கடிதத்துக்கு இதயப் படம் போட முடியாது. பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

உன் விலாசம் வாங்க நேற்று ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அனுசுயா அம்மா நன்றாக இருக்கிறார்கள். முழங்கால் வலி பரவாயில்லையாம். மாடிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் உள்ளே நுழைந்ததுமே அம்மா, “வாங்கோ மார்ட்டின், சுபா உங்களைப் பத்தி எவ்வளவு உசத்தியா பேசியிருக்கா, பார்த்தேளா?” என்று போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுவிட்டார்கள். டொராண்டோவில் தமிழ் மென்பொருள்காரர்கள் கூட்டத்தில் நீ பேசிய பன்னிரண்டு நிமிடம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். நல்லா பேசியிருக்காம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? பெற்றவளிடம் போய்ச் சண்டை போட முடியுமா?

அதே கூடம்தான். போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் அந்தத் தரையில்தான் தளத்தின் தலைப்புகளை எழுதிய அட்டைகளைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தோம். என்ன செய்கிறோம் என்று அம்மா கேட்டதற்கு நீ விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. “ஆஸ்பத்திரிகளுக்கு நாங்க பண்ற சாஃப்ட்வேர்ல எந்த பட்டன் எப்படி இருக்கணும், எந்த கலர் எங்க வரணும்னு கம்பெனிக்கு ஒரு சட்டம் வெச்சிருக்கோம்மா. அதுக்குப் பேரு டிசைன் சிஸ்டம். எல்லாரும் அதைப் படிச்சு நடந்துக்கற மாதிரி ஒரு வெப்சைட் கட்டறோம்” என்றாய். என் பதினோரு வருஷ வேலையை யாரும் அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

தேதி எழுதும் பெட்டிக்கான விதி எங்கே இருக்கும், கண்டுபிடியுங்கள் என்று அம்மாவையே அட்டைகளுக்கு முன்னால் உட்கார வைத்தோம். பதினொரு தலைப்பில் ஐந்தைத் திறந்து பார்த்துவிட்டு, “இத்தனை கதவு வெச்சா யாருடி உள்ள வருவா?” என்று எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்குப் பதினொன்றை நான்காக்கினோம். டொராண்டோவில் அதை நீ ‘என் ஆய்வு’ என்று சொன்னாய். சொல்லிக்கொள். அது உன் அம்மா, உன் வீடு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நம் தளத்துக்கு இரண்டு சட்டம் வைத்தோம், நினைவிருக்கிறதா? முதல் சட்டம் என்னுடையது. எந்த விதிக்கும் கீழே ‘ஏன்?’ என்று ஒரு பெட்டி இருக்க வேண்டும். அதில் உண்மையாக நடந்த ஒரு சம்பவம் இருக்க வேண்டும். காரணம் தெரியாத விதியை நம் புரோகிராமர்கள் ஒரு வாரத்தில் மீறிவிடுவார்கள் என்று நான்தான் அடம்பிடித்தேன். இரண்டாவது சட்டம் உன்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே மார்கழியில்தான் உன் வீட்டு வாசல் கோலத்தைப் பார்த்து, “சிவப்புக் கிளி புதுசா இருக்கே” என்று உளறினேன். நீ சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாய். அப்போதுதான் சொன்னேன். சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே பழுப்பாகத்தான் தெரியும்; கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருக்கும் எண்ணை மனப்பாடம் செய்துதான் இத்தனை வருஷமும் ஓட்டுகிறேன் என்று. அதுவரை அது தெரிந்தவர்கள் மூன்றே பேர், அப்பாவும் லூர்துராணியும் அவள் அப்பாவும். “பெருமாள் சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணா” என்றாய். நான் உன்னைச் சத்தியம் கேட்கவே இல்லை. நீயாகச் செய்தாய்.

ஜூலையில் தளத்தைத் திறந்தோம். ஆகஸ்டில் நீ வெளிநாட்டுக்குக் கிளம்பினாய். கிளம்பும் வாரத்தில், நான் பார்த்து முடித்துக் கையெழுத்திட்ட நிறங்கள் பக்கத்தில், ‘ஏன்?’ பெட்டியில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாய். ‘நம் குழுவிலேயே ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும்.’ குழுவில் இருந்தது ஐந்து பேர். நீ ஊரைவிட்டுப் போய்விட்டாய். மீதி நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

அன்புச்செல்வன் சார் தன் மேனேஜர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மார்ட்டின், கலர் சம்பந்தப்பட்டதை வேற யாராவது பார்த்துக்கட்டும்” என்றார். குரலில் அத்தனை கரிசனம், ஏதோ எனக்கு ஆபரேஷன் முடிந்தது மாதிரி. நான் வகுத்த நிறங்களுக்கு இப்போது நான் கையெழுத்துப் போடக் கூடாது. கேண்டீனில் கொய்யாவைக் காட்டி, “இது பழுத்திருக்காண்ணே?” என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். அப்போது உனக்கு மெசேஜ் அனுப்பினேன். இதயப் படம் வந்தது.

ஆனாலும் அந்த வரியை நான் அழிக்கவில்லை. அழிக்கும் அனுமதி என்னிடம் இருக்கிறது. அந்த வரி வந்த பிறகு, இரத்தப் பரிசோதனை முடிவு மோசமாக இருந்தால் வெறும் சிவப்பில் காட்டாமல், பக்கத்திலேயே ‘அபாயம்’ என்று எழுத்திலும் போடுகிறார்கள். அதையே ஐந்து வருஷமாக நான் காரணம் சொல்லாமல் கெஞ்சிக்கொண்டிருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. சட்டமும் நான் போட்டதுதான், உண்மைச் சம்பவம் வேண்டும் என்று. சரி, பெண் அவசரத்தில் செய்துவிட்டாள், என்னிடம் கேட்டிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உனக்காக என் மனைவியிடம்கூட வாதாடினேன். லூர்துராணி ஒத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் ஜனவரியில் அந்தப் பேச்சு வந்தது.

என் பெயரைச் சொல்லவில்லை என்று சொல்லாதே. ‘திருச்சியில் என் சீனியர், அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர்’ என்று சொன்னால் பொன்மலையில் யாருக்குத் தெரியாது? ரயில்வே மெடிக்கலில் நிறப் பரிசோதனையில் நான் தேறாமல் போனதைச் சொன்னாய். ‘மகனின் குறையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, மகனுக்கே ரயில்வே பிடிக்கவில்லை என்று அந்த அப்பா இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொல்லிவந்தார்’ என்றாய். ‘அப்படி ஒளித்துவைக்கப்பட்ட ஒரு மனிதருக்காகத்தான் நான் இந்தத் தளத்தை வடிவமைத்தேன்’ என்று முடித்தாய். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கோலத்துக்கு முன்னால் நான் உனக்கு முழுசாகத்தானே சொன்னேன் சுபஸ்ரீ? மெடிக்கல் முடிந்து வெளியே வந்ததும் அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, சந்தைப் பக்கம் கூட்டிப்போய் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னேன். “நீ வேற வேலை தேடணும்ல. போற இடத்துலல்லாம் இதைக் கேட்டு உன்னைத் திருப்பி அனுப்புவாங்க. ரயில்வே வேணாம்னு நீயே சொல்லிட்டதா நான் சொல்லிக்கிறேன். கேலி பண்ணா என்னைப் பண்ணட்டும்” என்றார் என்று சொன்னேன். அதையும் கேட்டுவிட்டு நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாயே. அந்தப் பாதி எங்கே போனது? பன்னிரண்டு நிமிடத்தில் அடங்கவில்லையா? அல்லது நல்லவரான அப்பாவுக்குக் கைதட்டல் குறையும் என்று நினைத்தாயா?

அப்பாவைக் கேலி செய்யத்தான் செய்தார்கள். கூட வேலை பார்த்த பிச்சமுத்து மாமா ஒரு ஞாயிறு விடாமல், “என்னய்யா இன்னாசி, உம்ம மகனுக்கு ரயில்வே சோறு இறங்கலையாமே” என்று கேட்பார். அப்பா, “ஆமாய்யா, செல்லம் கொடுத்து வளர்த்துட்டேன்” என்பார். ரிட்டயர் ஆன பிறகும் அதே பதில்தான். எனக்குக் கல்யாணம் பேசும்போது லூர்துராணியின் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வீடியோ எங்கள் பங்குக் கோயில் வாட்ஸாப் குரூப்புக்கும் வந்துவிட்டது. பூசை முடிந்து டீக்கடையில் பிச்சமுத்து மாமாதான் தன் போனில் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார். மாமா அன்றைக்குக் கேலி செய்யவில்லை. “எங்ககிட்டகூட மறைச்சிட்டியே இன்னாசி, அப்படி என்னய்யா வெக்கம்?” என்று மட்டும் கேட்டாராம். அப்பாவுக்குப் போனில் சரியாகக் காது கேட்காது. அங்கிருந்து நேராக பஸ் ஏறி கே.கே. நகருக்கு வந்து, “அதைப் பெரிசா, சத்தமா போடு” என்றார்.

போட்டேன். என்ன செய்யச் சொல்கிறாய்? எழுபத்தாறு வயது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை மகனுக்காக வெட்கப்பட்ட பொய்யர் என்று நீ சொல்வதை நான்தான் என் கையால் சத்தம் கூட்டி வைத்தேன். கடைசிவரை அசையாமல் பார்த்தார். முடிந்ததும், “எதுக்குக் கை தட்டுறாங்க?” என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அப்புறம், “சர்பத் கடையில நான் சொன்னதை நீயாப்பா அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன?” என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாப்பிடக்கூட இல்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அதில் பாதி என்மேலும் இருக்கிறது. அவர் என்னை நம்பிச் சொன்னதை நான் உன்னை நம்பிச் சொன்னேன். உனக்குக் கூடம் நிறையக் கைதட்டல் கிடைத்தது. நான் என்ன தேவைக்குச் சொன்னேன் என்றே தெரியவில்லை, ஒரு கோலத்துக்கு முன்னால் நின்றுகொண்டு வாய் திறந்துவிட்டேன்.

மூன்று வாரமாக அப்பா எட்டு மணிப் பூசைக்குப் போவதில்லை. ஐந்தரைக்கே போய், யாரும் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். டீக்கடைப் பக்கம் போவதில்லை. லூர்துராணி சாப்பாடு கொண்டுபோனால் நல்ல குழம்பு என்கிறார், அவ்வளவுதான் பேச்சு.

இப்போது உன் இரண்டாவது சட்டத்துக்கு வருகிறேன். தளத்தில் தவறு வந்துவிட்டால் சத்தமில்லாமல் அழிக்கக் கூடாது என்றாய். பழையதைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கு அது தவறு என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். அதனால் பக்கத்தின் அடியில் ‘திருத்தம்’ என்று போட்டு, எது தவறு, எது சரி, யார் எழுதியது என்று பெயரோடு இருக்க வேண்டும் என்று நீதான் எழுதினாய். இன்றும் முதல் பக்கத்தில் உன் பெயரோடு அது இருக்கிறது. அதைவிட நல்ல சட்டம் நம் தளத்தில் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்பது அதைத்தான். வீடியோவை எடுத்துவிடாதே. எடுத்துவிட்டால், பார்த்தவர்கள் மனதில் அப்பா அப்படியே நின்றுவிடுவார். அதன் அடியில் ‘திருத்தம்’ என்று தமிழில் எழுது. அந்த அப்பா வெட்கப்பட்டு மறைக்கவில்லை, மகனுக்கு வரவேண்டிய கேலியைத் தான் வாங்கிக்கொண்டார் என்று எழுது. சர்பத்தையும் எழுது. உன் பெயரைப் போடு. என் வேலையைப் பற்றியோ கையெழுத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்வேன். நீ எழுதியதும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிச்சமுத்து மாமாவுக்கும் ஒன்று.

அனுசுயா அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் மாடிக் குழாயை ஒரு தடவை பார்க்கப் போவேன்.

உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். “பனியில தனியா கெடக்கிற பொண்ணு, திட்டி எழுதாதே. ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், நல்லா இருக்கட்டும்னு நான் சொன்னதா எழுது” என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன், அது அவருடையது. என் ஆசீர்வாதம் அந்தத் திருத்தத்தைப் படித்த பிறகுதான்.

இப்படிக்கு,
நீ அண்ணா என்று கூப்பிட்ட
இ. மார்ட்டின்