பெட்டிக்கு ஒரு பங்கு

9-5-1971, ஞாயிறு

பொம்மிடி மாதா கோயில் திருவிழாக் கச்சேரிப் பணத்தை இன்று எங்கள் வீட்டில் பிரித்தார்கள். இவர் நடத்தும் சினிமாப் பாட்டுக் குழுவில் ஆளுக்கு ஒரு பங்கு. ஆர்மோனியப் பெட்டிக்கும் தபேலாவுக்கும் தனியாக ஒவ்வொரு பங்கு. பாடுகிற ஸ்டெல்லாவுக்கு மட்டும் அரைப் பங்கு. அவள் எதையும் சுமந்து வருவதில்லையாம்.

"பெட்டிக்கே முழுப் பங்கு தர்றீங்க. என் தொண்டைக்கு இல்லீங்களாண்ணா?" என்றாள்.

"தொண்டைய எந்தக் கடையில வாங்கின?" என்றார் தபேலா சண்முகம். எல்லோரும் சிரித்தார்கள்.

"பெட்டி கெட்டா சேலத்துல சரி பண்ணிக்குவீங்க. இது கெட்டா எங்க போறதுங்க? அடுத்த வாரம் அரூர்க் கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க." பணத்தைத் தொடாமலே போய்விட்டாள்.

பிறகு இவர் என்னிடம், "நீயே பாடிடு. காலேஜ்ல பாடினவதானே" என்றார்.

"எனக்கு எவ்வளவு பங்கு?"

"நம்ம வூட்டுக்குள்ள என்ன பங்கு?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் உறுத்துகிறது. அந்தப் பெட்டி என் டீச்சர் வேலைச் சம்பளத்தில் வாங்கியது. அதன் பங்கு எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. காலையில் கேட்பேன். அந்தப் பங்கு ஸ்டெல்லாவுக்குப் போகட்டும். இல்லையென்றால் அரூருக்குப் பெட்டி வராது.

கோபப்படுவார். பெட்டியைக் கட்டிலுக்கடியில் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.