அம்மா வாங்கிய இருபத்து நாலு மார்க்

அம்பத்தூர்,
நவம்பர் 9

அன்பு மகள் ஃபெபிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மாப்பிள்ளை ஜெர்வினும் அந்த அயர்லாந்து குளிரில் சுகமாய் இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். யாரிடம் சொல்லி எழுத வைத்தீர்கள் என்று கேட்காதே பாப்பா, இது என் கைதான். கிருஷ்ணப்பிரியா டீச்சரின் சாயங்கால வகுப்பில் நான் எழுபத்தொரு வயசில் கற்றுக்கொண்ட எழுத்து. இந்தக் கடிதம் தொடங்கி இன்றோடு நாலு நாள். ஒரு வரி முடிந்ததும் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன், பிறகு அந்த வரியைப் படித்தால் சிரிப்பு போய்விடுகிறது. இங்கே ஒரு வாரமாய் மழை, பின்பக்கச் சுவர் ஊறிப்போய் கொத்தனார் தங்கராஜ் வந்து பூசிக் கொடுத்தான். சபையில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள், டிசம்பரில் வருகிறாளா என்று. நீ மே மாதத்துக்குத் தள்ளிப் போட்டதைச் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

டாக்டர் ஹேமநாதனின் ஆராய்ச்சியில் அம்மா இருப்பது உனக்குத் தெரியும். மறதி நோய்க்காரர்களின் மூளையைப் படம் எடுத்து, ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுகிறார்கள். கையில் ஊசி போட்டு மிஷினுக்குள் படுக்க வைப்பார்கள். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி கொடுக்கிற இடத்தில் அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளுமாம். அந்த இடங்கள் நிறைய இருந்தால் படத்தில் சிவப்பு, குறைந்துபோனால் நீலம். பாடியில் இருந்த கம்பெனியில் முப்பது வருஷம் ஒயர் பற்றவைத்தவன் நான், ஒயர் நன்றாய் இருந்தும் ஜாயிண்ட் விட்டுப்போனால் லைட் எரியாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் சிவப்பாய் இருந்த இடமெல்லாம் இரண்டாவதில் நீலம், பாப்பா. மறுபடி பற்றவைக்க முடியாதா என்று கேட்டேன். அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை ஐயா, எங்கே எவ்வளவு விட்டுப்போகிறது என்று பார்க்கவே இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்றார்.

ஆனால் டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். படம் எடுக்கிற அன்று முப்பது மார்க்குக்குக் கேள்வியும் கேட்பார்கள் இல்லையா, முதல் தடவை அம்மா வாங்கியது இருபத்து நாலு, இந்தத் தடவையும் இருபத்து நாலு. இவ்வளவு நீலம் இருந்தும் மார்க் குறையவில்லையே, இந்த அம்மா மூளையில் ஏதோ விசேஷம் இருக்கிறது, இதைத் தனியாக எழுத வேண்டும் என்று சந்தோஷப்பட்டார். உனக்கும் அதே சந்தோஷம். அதனால்தான் அவசரம் இல்லை என்று மே மாதம் ஆக்கினாய்.

அந்த இரண்டாவது இருபத்து நாலு என்னுடையது ஃபெபி. மார்க் குறைந்தால் ஆராய்ச்சியிலிருந்து அம்மா பேரை எடுத்துவிடுவார்களோ என்று பயம். முதல் தடவை கேட்ட கேள்வி எல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த என் காதில் விழுந்திருந்தது. என்ன ஊர், எத்தனையாவது மாடி, ஞாபகம் வைக்கச் சொல்கிற மூன்று சொல், சாவி தாமரை ரயில். சண்டே ஸ்கூலில் அம்மா பிள்ளைகளுக்குக் கைதட்டி ராகம் போட்டு மனப்பாட வசனம் ஏற்றுவாளே, அதே மாதிரி ஒரு மாதம் அவளுக்கே ஏற்றினேன். இரண்டாவது தடவை போன அன்றைக்கும் பஸ் பாடி மேம்பாலம் தாண்டுவதற்குள் மூன்று தடவை சொல்ல வைத்தேன். தேதியும் கிழமையும் காணிக்கைக் கவரின் பின்பக்கம் எழுதி கைக்குட்டைக்குள் மடித்துக் கொடுத்தேன், அவளுக்கு வாசிப்பு இன்னும் போகவில்லை. டீச்சர் கற்றுக்கொடுத்த எழுத்தை நான் முதலில் உபயோகப்படுத்தியது இதற்குத்தான்.

டாக்டர் பொய்யைப் புத்தகத்தில் போட்டுவிடுவாரே என்று தூக்கம் பிடிக்கவில்லை. போன திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, மிஷினை ஏமாற்ற முடியவில்லை பால்ராஜ் ஐயா, என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்றார். திட்டியிருந்தால் தேவலை. கேள்வி கேட்கிற பொண்ணிடம் வேறு சொற்களை வைத்து மறுபடி கேட்கச் சொன்னார், என்னை மூலையில் வாயைத் திறக்காமல் உட்காரச் சொன்னார். ஊர் பேர் கேட்டதற்கு அம்மா அவள் பிறந்த ஊரைச் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்று அந்தப் பொண்ணு தானாகக் கேட்டாள், அம்மா சிரித்தாள், அவ்வளவுதான். கடைசியில் பேப்பரைக் கொடுத்து மனசில் இருப்பதை ஒரு வரி எழுதுங்கள் என்றார்கள். பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். "அவருகிட்ட குடும்மா, எங்க ஊட்ல அவருதான் எழுதுவாரு" என்றாள். என் கைநாட்டை வைத்து நாற்பது வருஷம் கேலி பண்ணினவள் ஃபெபி. மார்க் பதினொன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் அம்மா உன் பேரைச் சொல்லி சாப்பிட்டியா என்று கேட்கும்போது அவள் கண் கொஞ்சம் மேலே போகும், நீ கவனித்திருக்கலாம். போனுக்குப் பின்னால் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நீ சந்தோஷமாய் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், நானும் அதைக் கேட்க ஆசைப்பட்டேன். ஆறு மாதமாய் உன்னிடம் பேசியது நான்தான். இனி அட்டை பிடிக்கமாட்டேன். வருகிற ஞாயிறு அவள் உன்னை யாரோ என்று பார்த்தால் போனை வைத்துவிடாதே, நீயே உன் பேரைச் சொல்லு.

மே மாதம் வேண்டாம் பாப்பா. டிசம்பரில் வா, முடிந்தால் அதற்கு முன்னாலேயே வா. அம்மா உன்னை ஃபெபி என்று கூப்பிடுவாள் என்று நான் எழுதமாட்டேன், பொய் எழுதினது போதும். ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அது இன்னும் இருக்கிறது. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும், பனியில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. டிக்கெட் போட்டதும் எனக்கு மெசேஜ் எழுது, நானே படித்துக்கொள்வேன்.

அம்மா பேருக்கும் சேர்த்து,
உன் அப்பா
சா. பால்ராஜ்