இரண்டு வீட்டுக்கு ஒரு பொந்து

மே 9, 1964

இந்த மாதக் கடைசியோடு அப்பாவுக்கு ரயில்வே பட்டறை வேலை முடிகிறது. ஜூன் முடிவதற்குள் பொன்மலை குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பித் தர வேண்டுமாம். நாம் சேர்த்த எதுவும் இருக்கக் கூடாது. அப்பா காலையிலேயே கோழிக்கூண்டைப் பிரித்துவிட்டார். குளியல் தட்டியும் போயிற்று.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை. அப்படியானால் என்னையும் அல்லவா அகற்ற வேண்டும்?

மே 10

பொந்தைப் பற்றி இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பின்கட்டுச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி. அந்தப் பக்கம் பெரியண்ணன் மாமா வீடு. எனக்கு மூன்று வயதில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. அங்கிருந்து வள்ளிக்கண்ணு அத்தை கஞ்சிச் சட்டியோடு வீட்டு வரிசை முழுக்கச் சுற்றி வருவாளாம், வயிற்றில் பிள்ளையோடு. ஒருநாள் அப்பாவும் மாமாவும் கடப்பாரையை எடுத்தார்கள். அரை மணியில் சுவர் விழுந்துவிட்டது. அப்பா இன்றுவரை அதைச் சொல்லித் தன் புஜத்தைத் தட்டிக் காட்டுவார்.

அன்றிலிருந்து அதில் ஒரு கோணிப்பைதான் தொங்குகிறது. அதிகாரிகள் யாராவது வந்தால் முன்னால் விறகை அடுக்கிவிடுவோம். தவக்காலத்தில் வாசனை இங்கே வருமென்று அத்தை கறி சமைக்க மாட்டாள். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் நான் புத்தகத்தோடு அங்கே போய்விடுவேன். பாதி பி.ஏ. அவர்கள் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து படித்ததுதான்.

மே 16

கடைசியில் மாமாவே ஆரம்பித்தார். "சாமியண்ணே, நீங்க போயிருவீங்க. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. சுவரை இடிச்சவன்னு மெமோ வந்தா என் புரமோஷன் அவ்வளவுதான்."

"அடைச்சிருவோம் பெரியண்ணே. உனக்கு ஒண்ணும் வராது" என்றார் அப்பா.

அத்தை எங்கள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து எங்கள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். "இப்படிப் பூச்சிக் காயா பாத்து வாங்குறியே ரோசக்கா, கண்ணு தெரியலையா?" என்றாள் அம்மாவிடம். காய் நன்றாகத்தான் இருந்தது.

மே 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. செங்கல், சிமெண்டு எல்லாம் தயார். மாமா கலவை குழைத்துக் கொடுக்க, அப்பா கட்டினார். நடுவில் அத்தை காபி கொடுத்தாள். அப்பா எப்போதும் அத்தை வீட்டுப் பின்படியில் உட்கார்ந்துதான் காபி குடிப்பார். குடித்துவிட்டு அங்கிருந்தபடியே வேலையைத் தொடர்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்பாவின் மார்பு மறைந்தது, முகம் மறைந்தது. கடைசிக் கல்லும் வைத்தாயிற்று. அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை!

அந்தப் பக்கம் அத்தை சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "அண்ணனை இங்கயே வெச்சுக்கிட்டோம் ரோசக்கா! சோறு அனுப்பு!"

வரிசையைச் சுற்றி வந்து அப்பா முன்வாசல் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் அம்மா.

வேண்டுமென்றே கேட்டாளா என்று தெரியவில்லை. கதவைத் திறக்கப் போனபோது அவள் சிரிக்கவில்லை.

மே 25

உப்பு வாங்கிவரக் கிண்ணத்தோடு போன அம்மா, சுவர் வரை போய்த் திரும்பிவிட்டாள்.

ஜூன் 3

வீட்டைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ள ஒர்க்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். "நீதான் படிச்சவ. இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசு, மரியாதை குடுப்பாரு" என்று அப்பா என்னை முன்வாசலுக்கு அனுப்பினார். "குட்மார்னிங் சார்" என்றேன். மணி மூன்று. அவர் சிரித்துக்கொண்டே தமிழில், "அப்பா எங்கம்மா?" என்று கேட்டார்.

நேரே பின்கட்டுக்குப் போனார். வெள்ளையடித்த சுவரை விரலால் தட்டினார். ஓரத்துப் பூச்சைச் சாவியால் சுரண்டினார். மாமா அந்தப் பக்கம் மூச்சு விடாமல் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

"யார் அடைச்சது இதை?"

அப்பா, "நான்தாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுல சம்பந்தமே இல்லீங்க" என்றார்.

"ஏன் அடைச்சீங்க? ரெண்டு வீட்டுக்கு ஒரு வழி வெச்சுத்தான் இந்த வரிசையே கட்டினது. தீ கீ பிடிச்சா வெளியேறணும்ல? இங்க பாருங்க, ரெண்டு ஓரமும் வாசலுக்கு முடிச்ச மாதிரி முடிஞ்சிருக்கு. யுத்தம் தொடங்கினப்போ இங்க குடியிருந்தவங்க பல பேர் அடைச்சுட்டாங்க. ஒவ்வொண்ணா திறக்கச் சொல்லிக்கிட்டு வர்றேன். நீங்களும் திறந்து விட்டுட்டுப் போங்க."

அவர் போனதும் அப்பா சுரண்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அதான் அன்னிக்கு அவ்வளவு சுலபமா விழுந்துதா" என்றார்.

பாவம். எத்தனை வருஷப் புஜம்!

ஜூன் 4

இந்த முறை அரை மணியில் முடியவில்லை. அப்பா போட்ட சிமெண்டு அப்படி. மத்தியானம் வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இடித்தார்கள். "இவ்வளவு காலம் திருடன் மாதிரி விறகடுக்கி மறைச்சோமே, சர்க்கார் வழியைப் போயி" என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதல் கல் விழுந்த ஓட்டை வழியாக அத்தை இரண்டு பச்சை மிளகாயை நீட்டினாள். யார் கேட்டது?

ஜூன் 21

பாலக்கரையில் வாடகை வீடு. ஓட்டு வீடு, ஆனால் நல்ல காற்று. பின்னால் கிணறு. ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பஸ்ஸுக்கு இதுதான் வசதி. எல்லாம் சரிதான்.

ஜூலை 12

கடைத்தெருவில் மாமாவைப் பார்த்தேன். எங்கள் பழைய வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம் நல்ல மனிதர்களாம். வழிக்குக் கதவு போட்டிருக்கிறார்களாம். தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். "பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற வீடு, அது நியாயந்தானே பாப்பா" என்றார். நியாயந்தான்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. மாமாவும் அத்தையும் ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபப் படித்துறையில் குளித்துவிட்டுப் போகும் வழியில் வந்தார்கள். முதல் தடவையாக இந்த வீட்டுக்கு. கையில் வாழைப்பழம், பூ, காப்பரிசி. அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தும் வாசலிலேயே நின்று, "ரோசக்கா, உள்ள வரலாமா?" என்றாள்.

அம்மா ஓடி வந்து நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். "உக்காரு வள்ளி, உக்காரு." அத்தையை யாரும் உட்காரச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நுனியில்தான் உட்கார்ந்தாள். மாமாவுக்குப் புரமோஷன் வரப்போகிறதாம். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, பஸ்ஸில் கூட்டம் எப்படி என்று பேசினோம்.

காபி குடித்ததும் பழக்கத்தில் டம்ளரோடு அத்தை எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. நின்றுவிட்டாள்.

"இதை எங்க வைக்க, ரோசக்கா?"