பார்வதியின் கைகளுக்கு ஒரு பூச்சு

வக்குவா, 9 ஜனவரி 1963

மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்று வெயில். பார்வதி முற்றத்தில் அரைமணி விளையாடினாள். கழுத்தும் முன்னங்கையும் தடித்துச் சிவந்துவிட்டன. எட்டு வயது. போன வருடம் இதே தோல் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். குணமானால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள் என்று அப்போது முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தீவில் பூசம் கொளுத்தும் கோடையில் வரும் என்பது நினைவில் இல்லை. இல்லையா, வசதியாக மறந்தேனா? கல்யாணமாகி நாகப்பட்டினத்திலிருந்து வந்து பத்து வருடம் ஆகிறது.

இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இங்கே உண்மையை எழுதலாம்.

11 ஜனவரி

மருந்துக்கடையில் வெயிலுக்குப் பூச்சு கேட்டேன். கடைக்காரர் மிஸ்யே மொரிஸ் புருவத்தை உயர்த்தினார். "மதாம், இதெல்லாம் கடற்கரைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வாங்குவது. உங்கள் பிள்ளைக்கா?"

கறுத்த தோலை வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்கிறார். எரிக்கும் என்றேன்.

இரண்டு கொடுத்தார்: வாசனை எண்ணெய் ஒரு புட்டி, வெள்ளைத் துத்தநாகப் பசை ஒரு டப்பா. முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்கச் சொன்னார். மனிதர் கெட்டிக்காரர்.

13 ஜனவரி

வாசனை எண்ணெய் வைத்த இடத்தில் கொசுக்கடி மாதிரி தடிப்பு. புட்டியை என் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்து, "நல்லா இருக்கே" என்று தன் முகத்தில் தடவிக்கொண்டு மோகாவில் இருக்கும் ஆபீஸுக்குப் போனார்.

17 ஜனவரி

பசை வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. நண்பகலில் கடிகாரத்தோடு இருபது நிமிடம் வெயிலில் நிறுத்தினேன். பூசிய கை அமைதி. பூசாமல் விட்ட இரண்டு விரல் அகலம் மட்டும் சிவந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கிறாள். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பசையோடு பால்குடம் எடுப்பாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

30 ஜனவரி

கோவிலில் கொடியேற்றம். விரதம் தொடங்கியது. நாத்தனார் பாக்கியம் ரிவியேர் தே ஸாங்கீயிலிருந்து வந்திருக்கிறாள். டப்பாவை முகர்ந்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்கக்கூடாதா? துத்தநாகம், ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த கொழுப்பு என்று வாசித்தேன்.

"ஆயோ, பெல்சேர், அண்ணி! லாக்ரேஸ் முத்தோன்! ஆட்டுக் கொழுப்பு பூசி கோவில் போறது?"

ரோமம் கத்தரித்தால் ஆடு சாவதில்லை என்றேன். அதற்குள் பார்வதி கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "முருகன் கோபம், அம்மா?"

கடைசியில் ஒரு வழி சொன்னேன். முதலில் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கைகளில் தேய்ப்பது, அதன் மேல் பசை. காவடியிலேயே எலுமிச்சை தொங்குகிறது; அது பட்டால் எல்லாம் சுத்தம். பாக்கியம் ஒப்புக்கொண்டாள். யோசனை என்னுடையது.

1 பிப்ரவரி

ஒத்திகை. எலுமிச்சை, பசை, தலையில் தண்ணீர்க் குடம். வெயிலில் கோவில் வரை நடந்தோம். பசை எலுமிச்சை ஈரத்தில் நிற்காமல் வழுக்கியது.

3 பிப்ரவரி

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகக் கொப்புளம். இரண்டு கையிலும். முகத்தில் ஒன்றுமில்லை. அழவில்லை, ஊதி ஊதிப் பார்க்கிறாள். நாளை அந்த மொரிஸை ஒரு கை பார்க்கிறேன்.

4 பிப்ரவரி

கத்தினேன். அவர் பார்வதியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாறு வழிந்த மாதிரி இருக்கிறதே, மதாம். எலுமிச்சை ஏதாவது பட்டதா?" அந்தச் சாறு பட்ட தோலை வெயில் சுட்டுவிடுமாம். முகத்தில் பசை மட்டும்தான் பூசினோம். முகம் நன்றாக இருக்கிறது.

நான்தான். என் கையாலேயே — ஐயோ, தேய்ச்சு தேய்ச்சு விட்டேனே! என்ன காரியம் பண்ணிட்டேன்?

"நான் பால்குடம் எடுக்கறது இல்லையா?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

5 பிப்ரவரி

பாக்கியம் காலையில் எங்கோ போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். வெறும் துத்தநாகத் தூள். மொரிஸிடம் கேட்டு வாங்கினாளாம். அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தாள். "ஆடு இல்லை, எலுமிச்சை இல்லை" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. பார்வதியின் தொடையில் ஒரு பொட்டு வைத்தோம்.

7 பிப்ரவரி, பூசம்

தொடையில் தடிப்பில்லை. கொப்புளத்தின் மேல் மெல்லிய பருத்தித் துணி, மற்ற இடமெல்லாம் பாக்கியத்தின் பூச்சு. தெருவில் பிள்ளைகள் சிரித்தார்கள். பார்வதி நின்றுவிட்டாள். பாக்கியம் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை எடுத்துத் தன் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு, "ஆலே, நட" என்றாள். நானும் பூசிக்கொண்டேன். மூன்று வெள்ளை முகங்கள். ஆற்றங்கரையிலிருந்து கோவில் வரை குடம் இறங்கவில்லை. குருக்கள் விபூதி என்று நினைத்திருப்பார்.

8 பிப்ரவரி

புதிதாகச் சிவக்கவில்லை.

11 மார்ச்

கொப்புளம் ஆறிய இடம் பழுப்புக் கோடுகளாக நிற்கிறது. மறைய மாதக்கணக்காகும் என்கிறார் மொரிஸ். பள்ளி வாசலில் டீச்சர் ஷான்தால் பார்வதியின் கையைப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பார்வதி என்னைப் பார்த்துவிட்டாள்.

"சோலே" என்றாள். வெயில்.

அவ்வளவுதான் சொன்னாள்.