விட்டுப்போன வரி

மார்ச் 3, செவ்வாய்

கண் மருத்துவமனையில் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், “அக்கா, தலைகீழா வச்சிருக்கீங்க” என்றாள். தெரியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. வாங்கி, நான் சொல்லச் சொல்ல அவளே நிரப்பினாள். தையல்காரியாம். குரலை வைத்து ஐம்பது வயது என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் யாருக்கும் முகம் இருப்பதில்லை. நடுவில் ஒரு கறை, அதைச் சுற்றிக் காதும் தோளும்.

மார்ச் 5, வியாழன்

வாசலில் வந்து நிற்கிறாள். “ஃபாரத்துல அட்ரஸ் பார்த்தேன் அக்கா. பக்கத்துத் தெருதான் என் கடை.”

அடுத்தவர் முகவரியை மனப்பாடம் செய்து வைத்திருப்பவளை என்னவென்று நினைப்பது? ஏதாவது படித்துக் காட்டட்டுமா என்றாள். உனக்கு என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டேன்.

“பேச ஆள் வேணும். நாள் பூரா மெஷின்கிட்டயே பேசிட்டிருக்க முடியுமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

மார்ச் 6

மகளிடம் சொல்ல முடியாது. “படிக்க முடியாமப் போற அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்” என்று போன வருஷமே வாக்கு வாங்கிவிட்டாள். அங்கே எனக்கு ஒரு கட்டில், ஒரு டி.வி. இங்கே எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இதைக்கூட வரிக்கு அடியில் அட்டையை வைத்து, விரலால் தடவி எழுதுகிறேன். கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள்.

மார்ச் 10

தையல்காரியை வரச் சொன்னேன். சோதிக்காமல் எப்படி நம்புவது? என் கணவர் வெளியூரில் வேலை பார்த்தபோது எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்தேன். எனக்கு முழுக்க மனப்பாடம். அது அவளுக்குத் தெரியாது. நிதானமாக, நன்றாகத்தான் படித்தாள். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாள். ‘உன்னோடு வாழ்வது தினமும் பரீட்சை எழுதுவது மாதிரி, ஒரு நாளும் பாஸானதில்லை.’

“ஒரு வரி விட்டுப்போச்சு” என்றேன்.

“அது எதுக்கு அக்கா இப்போ?” என்றாள்.

எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய நீ யார் என்றேன். இனி வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

மார்ச் 13

சொட்டு மருந்துப் புட்டிகள் இரண்டும் ஒரே அளவு. காலையில் எதைக் கண்ணில் விட்டேன்?

மார்ச் 16, திங்கள்

மருத்துவமனையிலிருந்து கடிதம். ஜன்னலோரம் கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன், சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள், ஓரத்தில் ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

மார்ச் 17

மகள் போனில், “லெட்டர் வந்துச்சாம்மா? படி” என்றாள்.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன் — முன்னேற்றம் தெரிகிறது, அதே மருந்தைத் தொடரவும், ஆறு மாதம் கழித்து வரவும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. “அப்பாடா” என்றாள்.

ஒரு வரியை விட்டதற்காக ஒருத்தியைத் துரத்தினேன். நான் ஒரு கடிதத்தையே — என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 19

சுவரைப் பிடித்தபடி பக்கத்துத் தெருவுக்குப் போனேன். மெஷின் சத்தம்தான் வழி. சத்தம் நின்றது.

“வாங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

கடிதத்தை நீட்டினேன். “எதையும் விடாம படி.”

படித்தாள். போன பார்வை இரண்டு கண்ணிலும் இனி திரும்பாது. தனியாக வசிப்பது உகந்ததல்ல. அடுத்த முறை குடும்பத்தாருடன் வரவும்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அக்கா.”

இந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம் இல்லை.

மார்ச் 24

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

மகளிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறாளாம். இனி முடிவு என் கையில் இல்லை.

எழுதுபவளைப் பற்றியும் ஒரு வரி சொன்னேன்: இவள் அடுத்தவர் முகவரியைத் திருடுபவள், இங்கிதம் போதாது, அழைக்காமல் வருபவள்.

“எழுதினியா?”

“எழுதிட்டேன் அக்கா.”

படிக்கச் சொன்னேன். ஒரு சொல் குறையாமல் படித்தாள். தாளைப் பார்த்துப் படித்தாளா, ஞாபகத்திலிருந்து சொன்னாளா, தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

இதையும் எழுது என்றேன்.