மூடாத இலை

ஒரத்தநாடு,
மாசி 6

அம்மாடி,

நெதர்லாந்திலிருந்து நீ அனுப்பிய ஓவிய அட்டை வந்தது. இரண்டு வருஷத்தில் என் பெயருக்கு நீ போட்ட முதல் தபால். சாய்ந்து கிடக்கும் கிண்ணம், பாதி உரித்த எலுமிச்சை, பிய்த்துப்போட்ட ரொட்டி, அணைந்த மெழுகுவத்தி. நானூறு வருஷத்துப் பழைய ஓவியம், எல்லாமே சாவுக்கு அடையாளம் என்று பின்னால் எழுதியிருந்தாய்.

உன் அம்மா பயந்துவிட்டாள். "என்னங்க, சாவைப் பத்தி எழுதியிருக்காளே நம்ம பொண்ணு" என்று உடனே உனக்குப் போன் போட்டாள். "ஐயோ, பரீட்சைக்குப் படிக்கிற படம்மா" என்று நீ சிரித்தது எனக்கும் கேட்டது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. போனை வாங்கிப் பேசத்தான் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். சாவெல்லாம் எனக்குத் தெரியவில்லை. யாரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன் என்ன சொல்லித் தொலைத்தானோ.

"படம் பாக்குறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அந்தப் பொங்கலன்று நான் கேட்டதும் நீ எழுந்துவிட்டாய். கை கழுவினாய், பையை எடுத்தாய், போய்விட்டாய்.

ஆனால் இலையை மூடவில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள்தானே மூடுவார்கள். அன்று உன் இலையை எடுத்துப் போட்டவன் நான்தான். நானும் மூடாமல்தான் எடுத்தேன்.

அன்று சாம்பாரோடு எழுந்துவிட்டாய். விடுமுறைக்கு வா. ரசத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

உன் அப்பா